ஈறும் பொடியும்

பல்லுக்குக் கிடைத்த புகழ் ஈறுக்குக் கிடைக்கவில்லை. முத்து என்றும் முல்லை அரும்பு என்றும் பல்லைப் பாடாத கவிஞர் இல்லை. கதை எழுதுகிறவர்களும் அப்படித்தான். கதாநாயகி சிரித்தால் பற்கள் பளிச்சிடும். அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஈறுகளைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. மாடியைப் பார்த்து மயங்குகிறவர் அஸ்திவாரத்தை விசாரிப்பதில்லை அல்லவா? ஆனால் நடுத்தர வயதுக்கு மேல் பல்லை இழக்கிறவர்களில் எத்தனையோ பேர் பல் சொத்தையாகி இழப்பதில்லை. ஒரு புள்ளி கறுப்புக்கூட விழாத முழுப் பல், ஈறு கைவிட்டுவிட்ட காரணத்தால் ஆடி ஆடி ஒரு நாள் கையோடு வந்துவிடுகிறது.

இந்த விஷயத்தில் கவிஞர்களைவிட வைத்தியர்கள் நீதியாக நடந்துகொண்டிருக்கிறார்கள். சுசுருத சம்ஹிதையில் வாய் நோய்களுக்கென்று ஒரு கணக்கு உண்டு. மொத்தம் 65. உதட்டுக்கு 8, நாக்குக்கு 5, அண்ணத்துக்கு 9, தொண்டைக்கு 17, வாய் முழுவதும் பரவுகிறவை 3. மீதியில் பல்லுக்கு 8. பல்லின் வேர்ப் பகுதிக்கு, அதாவது ஈறுக்கு, 15! தந்தமூலம் என்று அதற்குப் பெயர். பல்லைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நோய் ஈறுக்கு உண்டு என்று கிறிஸ்து சகாப்தத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளில் இன்றைய உருவத்தை அடைந்த ஒரு நூல் சொல்வது சாமானியமான விஷயமல்ல. எதிரே நோயாளியை உட்கார்த்தி, வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் செய்து, பொறுமையாகப் பார்த்த மனிதர்களின் கணக்கு அது.

அந்தப் பதினைந்தில் மூன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். முதலாவது சீதாதம். காரணமில்லாமல் ஈறுகளிலிருந்து ரத்தம் கசியும்; ஈறு கறுத்து, கொழகொழத்து, நாற்றமடித்து, சிறிது சிறிதாகக் கரையும். இரண்டாவது தந்தவேஷ்டம். சீழும் ரத்தமும் வடியும், பல் ஆடும். மூன்றாவது உபகுசம். எரிச்சலும் பழுப்பும் இருக்கும். லேசாகத் தேய்த்தாலே ரத்தம் வரும். வந்து நின்றபின் ஈறு வீங்கும். வாயில் துர்நாற்றம் நிற்கும். இன்றைய பல் டாக்டரிடம் இந்த வர்ணனைகளை மட்டும் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு ஆங்கிலப் பெயரை அவர் வைத்துவிட முடியாது. ஆனால் இந்த மாதிரி வாய்களைத் தினம் பார்க்கிறேன் என்று நிச்சயமாகச் சொல்லுவார்.

சிகிச்சைக்கு வருவோம். ஆயுர்வேதம் என்றதும் நம் மனசில் என்ன தோன்றுகிறது? ஒரு பொடி, ஒரு கஷாயம், ஒரு தைலம். ஆனால் சுசுருதர் ஈறுக்கு முதலில் பொடி கொடுக்கவில்லை. முதல் காரியம், கெட்ட ரத்தத்தை வெளியேற்றுவது. சீதாதத்தில் ரத்தம் எடுத்த பிறகுதான் சுக்கு, கடுகு, திரிபலை, கோரைக்கிழங்கு இவற்றைக் காய்ச்சிய நீரால் வாயை நிரப்பி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். தந்தவேஷ்டத்திலும் அதே கிரமம். ரத்தத்தை வடித்துவிட்டு, புண்ணான இடத்தில் வெள்ளிலோத்திரப் பட்டை, பதங்கக் கட்டை, அதிமதுரம், அரக்கு இவற்றின் பொடியைத் தேனில் குழைத்துத் தடவ வேண்டும். பிறகு பால் வடியும் மரங்களான ஆல், அரசு, அத்தி வகையறாவின் கஷாயத்தில் தேனும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கொப்பளிக்க வேண்டும். ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதியாகச் சொல்லும் பழமொழி தமிழர் எல்லோருக்கும் தெரியும். அதில் பாதி, அந்தக் கஷாயப் பாத்திரத்திலும் இருக்கிறது.

இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. பல்லில் படிகிற அழுக்கு காய்ந்து கல்லாகிப்போவதை அவர் தந்தசர்க்கரை என்கிறார். நாம் காரை கட்டியிருக்கிறது என்போமே, அதுதான். அதற்கு மருந்து என்ன? பல்லின் மூலத்துக்குச் சேதம் வராதபடி அந்தச் சர்க்கரையை வைத்தியன் பெயர்த்து எடுக்க வேண்டும். பிறகு அரக்குப் பொடியைத் தேனில் குழைத்துத் தேய்க்க வேண்டும். எடுப்பது முதலில், தேய்ப்பது பின்னால். இதற்காகவே அவருடைய இருபது கூர்மையான ஆயுதங்களில் தந்தசங்கு என்று ஒன்று இருக்கிறது. சுமார் 600-ஆம் வருஷத்தைச் சேர்ந்த வாக்படர், தந்தலேகனம் என்ற கருவியை அதன் வடிவத்தோடு சொல்கிறார். ஒரே பக்கம் கூர் உள்ள சதுரமான முனை. பற்களில் கட்டிய சர்க்கரையைச் சுரண்டுவதற்கு. இன்று பல் ஆஸ்பத்திரியில் தட்டில் வரிசையாக வைத்திருக்கும் கருவிகளில் அதன் பங்காளிகளைப் பார்க்கலாம்.

மருந்துகளும் அலட்சியம் செய்யத் தக்கவை அல்ல. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு: துவர்ப்பு. கருங்காலி, கடுக்காய், ஆலம்பட்டை, வெள்ளிலோத்திரம் எல்லாம் நாக்கில் பட்டால் வாயை இழுத்துப் பிடிக்கும். தோல் பதனிடுகிற ஊர்களில் பிறந்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் மாட்டுத் தோலை எதனால் இறுக்குகின்றனவோ அதே சத்துதான் ஈறுகளையும் இறுக்குகிறது. சதையின் மேற்பரப்பிலுள்ள புரதத்தைச் சுருக்கி, சிறு ரத்தக் கசிவை நிறுத்துகிறது. கிராம்பில் உள்ள எண்ணெய் வலியை மரத்துப்போகச் செய்கிறது. இந்தக் காலத்துப் பல் டாக்டர்களும் அதைக் கைவிடவில்லை.

சுமார் 1300-ஆம் வருஷத்தில் எழுதிய சார்ங்கதரர் ஒரு தைலம் சொல்கிறார். அரிமேதப் பட்டை 100 பலம் எடுத்து இடித்து, ஒரு துரோணம் தண்ணீரில் நாலில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். அதில் எண்ணெய் விட்டு, கிராம்பு, மஞ்சிட்டி, வெள்ளிலோத்திரம், அதிமதுரம், அரக்கு, கர்ப்பூரம், கருங்காலி, ஏலம் முதலியவற்றை அரைத்துக் கலந்து பதமாக இறக்க வேண்டும். மலையாளத்து வைத்தியசாலைகளில் அரிமேதஸ் தைலம் என்று இன்றும் கிடைக்கிறது. தெற்கே அரிமேதமாகக் கொள்ளும் மரம் நம் வெள்வேல். பட்டைச் சாராயத்துக்குப் போடுகிற பட்டை அதுவேதான்! ஒரே பட்டை, ஒரு பானையில் குடும்பத்தைக் கெடுக்கவும் இன்னொரு பானையில் ஈறைக் காக்கவும் உபயோகப்பட்டிருக்கிறது. பட்டையைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

பழைய நூலில் இருப்பதெல்லாம் அமிர்தம் என்றும் நினைத்துவிடக் கூடாது. சரக சம்ஹிதை வாய் நோய்களுக்கு இரண்டு பொடிகளைச் சொல்கிறது. கறுப்புப் பொடியில் அடுப்பங்கரைப் புகைக்கரியும் திரிகடுகும் திரிபலையும் சேருகின்றன. மஞ்சள் பொடியில் மனோசிலையும் அரிதாரமும் இருக்கின்றன. இரண்டும் பாஷாணச் சத்து உள்ளவை. இன்று வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்கத் துணிய வேண்டாம்.

நோய் வந்த பிறகு இவ்வளவு. வராமலிருக்க என்ன செய்வது? இங்கே சரகர் சொல்வதில் ஒரு சிறு நிபந்தனை இருக்கிறது. துவர்ப்போ, கார்ப்போ, கசப்போ உள்ள குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கி, தினம் இரண்டு வேளை பல் துலக்க வேண்டும்; ஆனால் பல்லைச் சுற்றியுள்ள சதையைப் புண்படுத்தாமல் துலக்க வேண்டும். செங்கற்பொடியும் உப்பும் கரித்தூளும் வைத்து விரலால் ஆவேசமாகத் தேய்த்த நம் முன்னோர்கள் இந்த நிபந்தனையைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. சுசுருதர் குச்சிக்கு அளவும் கொடுக்கிறார்: 12 அங்குல நீளம் (விரற்கடையைத்தான் அங்குலம் என்கிறார்), சுண்டு விரல் பருமன், கணுவும் வடுவும் இல்லாத நேர்க் குச்சி. கசப்பில் வேம்பு, துவர்ப்பில் கருங்காலி, இனிப்பில் இலுப்பை, கார்ப்பில் புங்கு உத்தமம் என்கிறார்.

இந்தக் குச்சி வைத்தியர் வீட்டோடு நிற்கவில்லை. சந்நியாசிகளின் மடத்துக்குள்ளும் போயிற்று. பௌத்தர்களின் விநய பிடகத்தில் ஒரு வேடிக்கையான சமாசாரம் வருகிறது. பல் துலக்காவிட்டால் வாய் நாறும், உணவு ருசிக்காது என்று ஐந்து கெடுதல்களைச் சொல்லிப் புத்தர் பிக்ஷுக்களுக்குப் பற்குச்சியை அனுமதித்தாராம். உடனே சில பிக்ஷுக்கள் நீள நீளமான குச்சிகளை வைத்துக்கொண்டு, பல் துலக்கியதோடு நில்லாமல் சின்னப் பையன்களான சீடர்களை அடிக்கவும் தொடங்கிவிட்டார்கள். எட்டு விரற்கடைக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. அப்புறம் ஒருவர் துண்டுக் குச்சியை மென்று தொண்டையில் சிக்க வைத்துக்கொண்டார். நாலு விரற்கடைக்குக் குறையக் கூடாது என்று இன்னொரு விதி வந்தது. சட்டங்கள் எப்படி உண்டாகின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

671-ல் சீனாவிலிருந்து புறப்பட்டு வந்து, நாலந்தாவில் சுமார் பத்து வருஷம் படித்த இத்சிங் என்ற யாத்திரிகர், தம் குறிப்புகளில் பற்குச்சிக்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். குச்சியின் அளவு, மெல்லும் விதம், அதையே வளைத்து நாக்கு வழிக்கும் முறை, பிறகு வாய் கொப்பளிப்பது எல்லாம் அதில் உண்டு. இந்த நாட்டில் பல்வலி அபூர்வமாயிருப்பதற்குக் காரணம் இந்தக் குச்சிதான் என்று அவர் முடிவு கட்டுகிறார். தத்துவம் கற்க வந்தவர் பல் துலக்குவதையும் கற்றுக்கொண்டு போய், அதைத் தம் தேசத்தாருக்கு எழுதி அனுப்பியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இத்தனையும் இருந்த நாட்டில் பிற்காலத்தில் நடந்தது என்ன? நூலும் கத்தியும் பிரிந்துவிட்டன. ஏடு படித்த வைத்தியர் நாடி பார்த்தார், கஷாயம் சொன்னார். ரத்தத்தையும் சீழையும் தொடுகிற வேலை படிப்பில்லாத பரம்பரைக் கைகளுக்குப் போயிற்று. 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மன்ஸ் மாகஸீன்' ஒரு செய்தி வெளியிட்டது. மூக்கறுபட்ட ஒரு வண்டிக்காரருக்கு, பூனாப் பக்கத்தில், நெற்றித் தோலைக் கொண்டு புது மூக்கு ஒட்டவைக்கப்பட்டதாம். ஐரோப்பிய டாக்டர்களைத் திகைக்க வைத்த அந்தச் சிகிச்சையைச் செய்தவர் சம்ஸ்கிருதப் பண்டிதரல்ல. மண் வேலை செய்யும் குலத்தைச் சேர்ந்தவர். சுசுருதரின் ஏடு ஒரு வீட்டிலும் அவருடைய கை இன்னொரு வீட்டிலும் இருந்தன. இரண்டு வீட்டாரும் பேசிக்கொள்ளவில்லை. 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பிரேதத்தை அறுத்துப் பார்த்துப் பெயர் பெற்ற மதுசூதன குப்தர்தாம், அந்த வருஷங்களிலேயே சுசுருத சம்ஹிதையை முதன்முதலாக அச்சிலும் கொண்டுவந்தார் என்பது, பிரிந்த அந்த இரண்டையும் ஒரு மனிதர் ஒன்றுசேர்க்கப் பார்த்ததாக எனக்குப் படுகிறது.

ஈறு விஷயத்தில் இந்தப் பிரிவினையின் பலனை நாம் முழுக்க அனுபவித்தோம். சுரண்டும் கருவி போயிற்று. அதன் பின்னால் தேய்க்க வேண்டிய பொடி மட்டும் நின்றது. மருந்து குடும்பத்துக்கும், பிறகு கடைக்கும் வந்தது. 1902-ல் கோட்டக்கலில் வைத்தியரத்னம் வாரியர் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கித் தைலத்தையும் கஷாயத்தையும் புட்டியில் அடைத்துக் கொடுத்தார். 1913-ல் மைசூர்ச் சீமையில் நஞ்சன்கூட்டில் தொடங்கிய வைத்தியசாலையின் பல்பொடி கன்னட நாடெங்கும் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் பல்பொடி விளம்பரத்தை இலங்கை வானொலியில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று உண்டு. பொட்டலத்தின் மேல் 'பயோரியா' என்ற வார்த்தையும் ஏறிக்கொண்டது. சீழ் வடிதல் என்று பொருள்படும் கிரேக்க வார்த்தை அது. நம் கிராமத்துப் பாட்டிமார்கூடச் சரளமாகச் சொன்ன கிரேக்க வார்த்தை அது ஒன்றுதான்.

மேல்நாட்டார் மட்டும் இதில் புத்திசாலிகளாயிருந்தார்களா? அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரில் ஜான் ரிக்ஸ் என்று ஒரு பல் வைத்தியர் இருந்தார். 1844 டிசம்பரில், நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை முகர்ந்து மயங்கிய ஹோரஸ் வெல்ஸ் என்ற நண்பருக்கு வலிக்காமல் பல் பிடுங்கியவர் இவரே. பல் பிடுங்கிச் சரித்திரத்தில் இடம் பெற்றவர், 1870-களில் பிடுங்காதே என்று பிரசாரம் செய்தார். ஈற்றுக்குள் மறைந்திருக்கும் காரையைச் சுரண்டி எடுத்தால் ஆடுகிற பல்லும் நிற்கும் என்றார். அந்த நோய்க்கே கொஞ்ச காலம் ரிக்ஸ் நோய் என்று பெயர் வழங்கிற்று. ஆனால் 1900-ல் லண்டன் டாக்டர் வில்லியம் ஹண்டர், வாயிலுள்ள சீழே உடம்பின் பல நோய்களுக்கும் மூலம் என்று எழுதினார். 1910-ல் மாண்ட்ரியலில் இன்னும் பலமாகப் பேசினார். அதன் விளைவாக, மூட்டுவலிக்கும் சோகைக்கும் வாயிலுள்ள பற்களையெல்லாம் பிடுங்கி எறிகிற காலம் ஒன்று வந்தது. அந்த முப்பது வருஷத்தில் கடுக்காய்ப் பொடியை நம்பியவருக்கு நோய் தீர்ந்ததோ இல்லையோ, பல்லாவது மிஞ்சியது!

எது காரணம் என்ற வழக்கு 1965-ல்தான் தீர்ந்தது. டென்மார்க்கில் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோ என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும், ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு அழன்றது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் குணமாயிற்று. பல்லின்மேல் படியும் கிருமிப் படலமே வினை என்று ஐயமறத் தெரிந்தது. அந்தப் படலத்தில் எச்சிலின் சுண்ணச்சத்து சேர்ந்து இறுகுவதுதான் காரை. அதன்மேல் புதுப் படலம் வளர, ஈறு வேரை விட்டு விலகும். அடியிலுள்ள எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வருவதில்லை.

அடுத்த ஆராய்ச்சி நம்மவர்களைப் பற்றியது. 1970-ல் அதே லோ, இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 31 வயதுவரை உள்ள 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைச் சோதித்தார். 1948-ல் குடியுரிமை பறிபோன அதே தோட்டத் தமிழர்கள். பல் டாக்டரையும் அறியார்; பிரஷ்ஷையும் அறியார். அதனால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மருத்துவம் எட்டிப் பார்க்காத வாயில் நோய் தன் இஷ்டப்படி எப்படி நடக்கிறது என்று 1985 வரை அளந்தார்கள். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாக ஓடியது. 35 வயதில் பல்லைப் பிடிக்கும் பற்று சுமார் 9 மில்லிமீட்டர் போய்விட்டது. நூற்றுக்கு 81 பேருக்கு நிதானமாகச் சென்றது. அதே வயதில் சுமார் 4 மில்லிமீட்டர். மீதி 11 பேருக்கு ஈறு அழன்றதோடு சரி. பற்று ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. உலகத்துப் பல் மருத்துவப் பாடப்புத்தகங்களில் இந்தக் கணக்கு ஏறிவிட்டது. கொழுந்து கிள்ளியும் கவ்வாத்து வெட்டியும் உலகத்துக்குத் தேநீர் கொடுத்த ஜனங்கள், தங்கள் பற்களையும் பாடமாகக் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

நம் பல்பொடிகள் நூறு வருஷம் கீர்த்தியோடு வாழ்ந்த ரகசியமும் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஒன்றுமே செய்யாவிட்டாலும் நூற்றில் பதினொருவருக்கு ஈறு கெடாது. அவர்கள் எந்தப் பொடி போட்டிருந்தாலும் அந்தப் பொடிக்கு நற்சாட்சி தருவார்கள். எண்பத்தொருவருக்கு நோய் மெதுவாகச் செல்வதால், ஐந்து வருஷம் பொடி போட்டவர் ஒன்றும் குறையவில்லையே என்று திருப்தி அடைவார். துவர்ப்பு ஈறை இறுக்கி ரத்தத்தை நிறுத்திவிடும். நாற்றம் கிராம்பிலும் கர்ப்பூரத்திலும் அடங்கிவிடும். அடியில் காரை இருந்தபடியே இருக்கும். ரத்தம் ஒன்றுதான் ஈறு நமக்கு அனுப்பும் தந்தி. தந்தியைக் கிழித்துப் போட்டால் சேதி பொய்யாகிவிடுமா? வலியே இல்லாமல் எலும்பு கரைந்து, பல் ஆடும்போதுதான் மனிதன் விழித்துக்கொள்கிறான். புகையிலை கலந்த பல்பொடிகளும் பற்பசைகளும்கூட நம் நாட்டில் நெடுநாள் விலைபோயின. 1992-ல்தான் மத்திய சர்க்கார் அவற்றைத் தடை செய்தது.

இதிலிருந்து பொடியைத் தூக்கி எறி என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். வேப்பங்குச்சியும் திரிபலைக் கஷாயமும் தங்கள் இடத்தில் நல்லவையே. அந்த இடம் எது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை ஆயுர்வேதத்துக்கு வெளியே எங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. முதலில் சர்க்கரையைப் பெயர்த்து எடு, ஈறுக்குச் சேதம் வராமல் எடு, அதன் பிறகு மருந்தைத் தேய் என்று சுசுருதரே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். நாம் அந்த வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, முன்பாதியைத் தொலைத்துவிட்டோம். ஈற்றில் ரத்தம் கண்டால், கையில் கருவியுள்ள ஒருவர் முன் வாயைத் திறந்து உட்காருவதே சாஸ்திரப்படியான முதல் சிகிச்சை. வீட்டுக்குத் திரும்பிய பிறகு பாட்டியின் கஷாயத்தை ஒரு வாய் கொப்பளித்தால், சுசுருதரும் சந்தோஷப்படுவார், பாட்டியும் சந்தோஷப்படுவாள்.